எதிர்ப்புடன் ஒரு கையெழுத்து

ஜூன் 1, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தாமிரபரணி தெருமுனையில் ஓடுகிறது, அம்பாசமுத்திரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். நகராட்சிக்கு ஒரு மனு எழுத வேண்டும்.

தபாலில் விருப்பத் தேர்வுப் படிவம் வந்தது. ஜூன் பிறந்தால் இது தவறாமல் வந்துவிடும். அணைப் பராமரிப்புக் கழகத்தில் ஓய்வு பெற்றவர்கள் மருத்துவக் காப்பீட்டில் எந்தத் திட்டம் வேண்டும் என்று இந்த ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஜூலை பிறந்துவிட்டால் அடுத்த ஜூன் வரை மாற்ற முடியாது. 'அ' திட்டத்தில் பிடித்தம் குறைவு. காய்ச்சல், எலும்பு முறிவு இவ்வளவுதான். 'ஆ' திட்டத்தில் பிடித்தம் அதிகம். இருதயம், சிறுநீரகம் வரைக்கும் பார்ப்பார்கள். 'இ' என்றால் காப்பீடே வேண்டாம், மாதாமாதம் சிறு மருத்துவப்படி போதும் என்று அர்த்தம்.

நான் 'இ'. ஏழு வருஷமாக 'இ'. எனக்குக் குடலிறக்கம் அறுத்தபோது, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று எழுதிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். நான் தெரிவித்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்து, எடுத்தவரிடம் பெயரையும் ஓய்வூதிய எண்ணையும் சொன்னேன். 'தெரிவிக்கவில்லை' என்று அவர்கள் எழுதியதற்கு, ஆவுடையப்பன் பொய் சொல்கிறான் என்று பொருள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் வரை அவர்கள் திட்டத்தில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

உலகம்மாள் பக்கத்துத் தெரு அடிகுழாயிலிருந்து குடத்தைக் கொண்டுவருகிறவள், பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நிற்கிறாள். கேட்டால் வாயு என்கிறாள். சுக்கு போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

ஜூன் 4

ஓய்வூதியர் சங்கக் கூட்டம். வழக்கம்போல வடை தின்று கலைந்தார்கள். 'ஆ' திட்டத்தில் சேர்ந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிச் செயலாளர் பாராட்டினார். பாராட்ட என்ன இருக்கிறது? கோரிக்கை தள்ளப்பட்டுத் திட்டத்தைப் புறக்கணித்தவர்கள் முதலில் மூன்று பேர் இருந்தோம், நான், ஞானமுத்து, மைதீன். மைதீன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். ஞானமுத்து இன்று வரவில்லை, கண்ணில் ஏதோ கோளாறாம்.

நான் சங்கத்தில் இருந்த நேரத்தில் உலகம்மாள் எதிர்வீட்டு சாந்தாவோடு டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெஞ்சில் ஏதோ கருவி வைத்துப் பார்த்தாராம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாராம். வந்தது என்றாளாம்.

ஜூன் 5

சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இருந்தது.

ஜூன் 9

திருப்பூரிலிருந்து மகள் செண்பகம் போன் செய்தாள். சாந்தா வழியாக அவளுக்கு எல்லாம் போய்விட்டது. அம்மாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வருகிறது, மாற்ற வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அழுதாள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். 'ஆ' திட்டத்தில் அது வருமே அப்பா என்றாள். வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் திட்டத்தின் விதிகளை இந்த ஜில்லாவிலேயே முழுசாகப் படித்தவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு மதகு திறந்து மூடும் கலாசியாக வேலைக்குச் சேர்ந்தவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பணி விதிகளை வரி வரியாகப் படித்தேன். பொறியாளர்களே என்னிடம் வந்து விதி கேட்டுப் போவார்கள்.

விட்டுப்போய்த் திரும்பச் சேருகிறவர்களுக்குப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. 'கழகத்தின் மீதான எனது முந்தைய கோரிக்கைகள், மேல்முறையீடுகள் அனைத்தையும் கைவிட்டு, அவற்றின் மீதான முடிவுகள் சரியென ஏற்கிறேன்.'

சரியென ஏற்கிறேன். அதாவது நான் பொய்யன் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும்.

செண்பகத்திடம் இதைச் சொன்னேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

ஜூன் 12

சாரல் தொடங்கிவிட்டது. கார் நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்திருக்கிறார்கள். வாய்க்காலில் புது வெள்ளம். பார்க்கப் போனேன். முப்பத்து நான்கு வருஷம் நான் சுழற்றிய மதகுச் சக்கரம், இப்போது மோட்டார் வைத்துவிட்டார்கள். கிரீஸ் போடுவதே இல்லை போலிருக்கிறது, சத்தம் வாய்க்கால் பாலம் வரை கேட்டது. செயற்பொறியாளருக்கு எழுத வேண்டும்.

உலகம்மாள் சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டாள். படுத்தால் இடுப்பு வலிக்கிறதாம்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் சேர்த்து உப்பில்லாமல் குழம்பு வைத்துவிட்டாள். சொன்னேன். மறுவேளையிலிருந்து தனித்தனிச் சட்டியில் வைக்கிறாள்.

ஜூன் 15, திங்கள்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

ஞானமுத்து வீட்டுக்குக் கண்ணை விசாரிக்கப் போனேன். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். இரண்டு கண்ணுக்கும் திருநெல்வேலியில் அறுவை முடிந்துவிட்டதாம். தனியார் ஆஸ்பத்திரி, குளிர்சாதன அறை. எப்படி என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். மேசையில் அட்டை கிடந்தது. கழகத்தின் முத்திரை போட்ட நீல அட்டை, 'ஆ' திட்டம். போன ஜூனிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த ஒரு வருஷமும் என்னோடு உட்கார்ந்து புறக்கணிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், டீ குடித்திருக்கிறார்.

பின்பக்கத்து வரியைப் படித்தீரா என்று கேட்டேன்.

"படிக்கக் கண்ணு தெரிஞ்சாத்தான வே படிக்க" என்றார். "இப்பம் தெரியுது. இப்பம் படிச்சாலும் போட்டுருவேன்."

பொய்யன் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர் என்றேன்.

"ஆமா, பொய்யன்தான். பேரப்பிள்ளை மூஞ்சி தெரியுத பொய்யன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "மைதீனுக்கு என்ன வே கெடச்சுது? நீரு போட்ட மாலையில உண்மையாளர்னு எழுதியா இருந்துச்சு? உலகம்மை மதினியைச் சந்தையில பாத்தேன். கறிவேப்பிலைக் கட்டைத் தூக்க முடியாம நிக்கா. போயி கையெழுத்தைப் போடும் வே."

டீ வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன். இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

ஜூன் 16

புறக்கணிப்பில் இப்போது நான் ஒருவன். ஒருவனாக இருப்பதில் குழப்பம் இல்லை.

ஜூன் 19

ஒரு வழி இருப்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

வேலையில் இருந்த காலத்தில் நான் எந்தக் காகிதத்திலும் வெறுமனே கையெழுத்துப் போட்டதில்லை. சம்பளப் பிடித்தமோ, இடமாற்றமோ, விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணையோ, எதுவானாலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'எதிர்ப்புடன்' என்று எழுதுவேன். வாங்கிக்கொண்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இப்படி எழுதித்தான் ஒரு முறை ஊதிய உயர்வு வழக்கில் ஜெயித்தேன். கலாசிகள் என்னை எதிர்ப்பு அண்ணாச்சி என்றார்கள். செண்பகத்தின் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில்கூட அப்படி எழுதிவிட்டேன் என்று உலகம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். கணக்கில் குறைத்துப் போட்டிருந்தார்கள், எழுதினேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

'ஆ' கட்டத்தில் குறியிட்டு, 'எதிர்ப்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திட்டமும் கிடைக்கும், மேல்முறையீடும் உயிரோடிருக்கும்.

உலகம்மாளிடம் திங்கட்கிழமை திருநெல்வேலி போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வேட்டியைத் துவைத்துப் போட்டாள். துவைப்பதற்கு நடுவில் இரண்டு தடவை கல்லில் உட்கார்ந்தாள்.

ஜூன் 20

அவளுடைய புகைப்படமும் வேண்டுமாம். ஸ்டுடியோ மாடியில் இருக்கிறது. இரண்டு படி ஏறிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஸ்டுடியோக்காரர் வெள்ளைத் துணியோடு கீழே இறங்கிவந்து, மருந்துக்கடை ஷட்டரில் துணியைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மாடியில் ஸ்டுடியோ வைக்கிறவனுக்கு யார் அனுமதி கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

படத்தில் உதடு கொஞ்சம் நீலமாக விழுந்திருக்கிறது. அச்சு சரியில்லை என்றேன். ஸ்டுடியோக்காரர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 22, திங்கள்

மண்டல அலுவலகம். காப்பீட்டுப் பிரிவில் செல்வராணி என்று ஒரு பெண் இருக்கிறது. செண்பகத்தின் வயதுதான் இருக்கும். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஐயா இப்படி எழுதக் கூடாதே என்றது. எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். விதி இல்லை ஐயா, மெஷின் என்றது. படிவத்தை மெஷினில் வைத்துப் படமாக எடுத்து அனுப்புவார்களாம். கட்டத்துக்கு வெளியே என்ன எழுதியிருந்தாலும் நிபந்தனையோடு வந்த விண்ணப்பம் என்று தானாகக் கழித்துவிடுமாம். போன வருஷம் ஒருவர் 'முருகன் துணை' என்று மேலே எழுதி, அதுவும் கழிந்துபோனதாம்.

மனிதர்களோடு முப்பத்து நான்கு வருஷம் சண்டை போட்டேன். மெஷினோடு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் நல்ல மாதிரி. மேசை இழுப்பறையில் தேடி, எண் அச்சடித்த இன்னொரு படிவத்தை என் பெயருக்குப் பதிந்து கொடுத்தது. ஒருவருக்கு ஒரு மாற்றுப் படிவம்தான் கொடுக்கலாமாம். "இதுல கையெழுத்து மட்டும் போடுங்கய்யா. முப்பதாம் தேதிக்குள்ள வந்துருங்க."

வரும் வழியில் சேரன்மகாதேவியில் பஸ் டயர் வெடித்தது.

ஜூன் 24

அரசு ஆஸ்பத்திரிக்குச் செண்பகத்தின் கணவர் வந்து உலகம்மாளை அழைத்துப் போனார். பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். முறை வரும்போது கூப்பிடுவார்களாம். முன்னால் நிறையப் பேர். வால்வு கெட்ட குழந்தைகளெல்லாம் இருக்கின்றனவாம். உலகம்மாள் வந்ததிலிருந்து அந்தக் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறாள்.

ஜூன் 27

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உலகம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். கல்யாணமான புதிதில் நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. இன்னும் 'ம்' மேல் வைக்கும் புள்ளியைக் கடைசியாக, தனியாக, அழுத்தி வைப்பாள். வைத்தாள்.

பின்பக்கத்து வரியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அர்த்தம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னை அறுத்த செலவுக்குத் தாலிச் சங்கிலி போனது. கழகத்திடமிருந்து அந்தப் பணத்தை வாங்கி அதே போல் ஒன்று செய்து போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"எனக்குச் சங்கிலி வேண்டாம்" என்றாள். "நீங்க போன் பண்ணது எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னது நான்தான. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

போதாது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போய் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

அவள் எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜூன் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாரலில் பஸ் தாமதம். அலுவலகம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கடைசி நாள் என்பதால் நல்ல கூட்டம். என்னைவிட வயதானவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது நான்கு மணி இருக்கும். செல்வராணி என்னைப் பார்த்ததும் சிரித்தது. 'ஆ' கட்டத்தில் குறியிட்டேன். பின்பக்கம் திருப்பி, அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை அது விரலால் தொட்டுக் காட்டியது.

போட்டேன். ஆவுடையப்பன் என்று முழுப் பெயரும் எழுதி முடித்தேன். மதகுச் சக்கரம் கையை எடுத்த பிறகும் கொஞ்சம் ஓடும். அது போலத்தான். பேனாவை எடுப்பதற்குள் பக்கத்தில் எழுதி முடிந்திருந்தது. நான் எழுத நினைக்கவில்லை. அந்தப் பெண் "ஐயா" என்றபோதுதான் நானே பார்த்தேன்.

எதிர்ப்புடன்.

அது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளை மை தடவினால் மெஷின் கண்டுபிடித்துவிடும் என்றது. இன்னொரு படிவம் தர வழியில்லை என்றது. எழுந்து உள்ளே மேலாளர் அறைக்குப் போய்விட்டு வந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தது. "அந்த வார்த்தையைத் தவறுதலா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கய்யா. அதை இணைச்சு அனுப்புனா எடுத்துக்கிடுவாங்களாம். சார் பேசிட்டாரு."

தாள் இருந்தது. பேனா இருந்தது. எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, நான்' என்று எழுதினேன்.

தவறுதலாக.

கை தவறியது உண்மை. சொல் தவறில்லை. முப்பத்து நான்கு வருஷம் நான் எழுதியவற்றில் இந்த ஒரு சொல்தான் முழுக்கச் சரியாக இருந்தது. அதைத் தவறு என்று எழுதினால் நான் போன் செய்தது தவறு, சொன்னது தவறு, ஏழு வருஷமும் தவறு. அந்தப் பெண் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. ஐந்து மணிக்கு எல்லாம் மூடிவிடும். பின்னால் நின்றவர் என்னண்ணே என்று முனகினார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இருக்கிறபடியே அனுப்பம்மா என்றேன்.

"ஐயா, வீட்ல யாருக்கு?" என்று கேட்டது.

மனைவிக்கு என்றேன்.

அது படிவத்தை மெஷினில் வைத்தது. பச்சை வெளிச்சம் ஒரு தடவை ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது உலகம்மாள் விளக்கு வைத்திருந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "போட்டியளா?"

போட்டேன் என்றேன். போட்டேன்தான்.

ஜூலை 1

உலகம்மாள் பாயசம் வைத்தாள். சாந்தா வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தனுப்பினாள். ஞானமுத்து வீட்டுக்கும் ஒன்று போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல். அவள் தானும் ஒரு தம்ளர் குடித்தாள். தண்ணீர்ச் சத்து அதிகம் சேரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்தினேன். இன்னிக்கு ஒருநாள்தான என்றாள்.

செண்பகம் போனில் அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். சந்தோஷத்தில். போனை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 2

ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி வைத்துவிட்டாள். இரண்டு நூல் சேலை, ஒரு துண்டு, தம்ளர், சீப்பு, திருநீற்றுப் பொட்டலம். பரணில் கிடந்த என் பழைய காக்கிப் பைதான். அட்டை வந்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று கதவோரம் வைத்திருக்கிறாள். கால் தட்டுகிறது. உள்ளே எடுத்து வை என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 6, திங்கள்

கைப்பேசியில் வந்தது. நிபந்தனையுடன் பெறப்பட்டதால் தங்கள் விருப்பம் நிராகரிக்கப்பட்டது, தாங்கள் 'இ' திட்டத்தில் தொடர்கிறீர்கள், அடுத்த விருப்பத் தேர்வு ஜூன் மாதத்தில்.

நகராட்சி மனுவுக்கும் பதில் வந்தது. நடவடிக்கை எடுக்கப்படுகிறதாம்.

ஜூலை 7

மேல்முறையீட்டுக்கு ஒரு நினைவூட்டல், இந்த நிராகரிப்புக்கு ஒரு மனு, இரண்டும் எழுத உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்த தாள்தான் கையில் வந்தது. 'ஐயா, நான்' வரை இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் தேதி கடந்துவிட்டது.

ஜூலை 8

பை அங்கேயே இருக்கிறது. சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 10

உலகம்மாள் தபால்காரரைத் தினமும் கேட்கிறாள். இன்றைக்கு அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார். கால் வீங்கியிருக்கிறது. கொலுசு போட்டிருந்த இடத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது. சாந்தாவிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் சேலையை இறக்கிவிட்டாள்.

ஜூலை 12, ஞாயிறு

பாயசத் தூக்கைத் திருப்பிக் கொடுக்க ஞானமுத்து வந்தார். நான் உள்ளேயே இருந்துவிட்டேன். வாசலில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அலுவலகத்தில் ஆட்கள் உண்டு. எல்லாம் தெரிந்திருக்கும். கழித்த பெயர்களைப் பலகையில் ஒட்டுவார்கள்.

அவர் போன பிறகு வெகுநேரம் அவள் உள்ளே வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. நான் பழைய விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

பிறகு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்றும் தயாராக இருந்தேன்.

"அடுத்த ஜூன்ல பாத்துக்கிடுவோம்" என்றாள்.



கதவோரம் போய்க் குனிந்து, பையைத் திறந்து துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். நான்கு நாளாகச் சாரல், கொடியில் எதுவும் காயவில்லை. கூரை ஒழுகி என் தலை நனைந்திருந்தது, துவட்டச் சொல்லிக் கொடுத்தாள். பையை மறுபடி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.